பீர்க்கன்கரணையின் அயலுறவுக் கொள்கை

உங்கள் அக்காவின் மகள் என்று தொலைபேசியில் ஒருத்தி சொன்னாள். அது உண்மைதானா என்று பார்த்துவிட்டு வரத்தான் தாம்பரம் போனேன். கோயில், புடவைக்கடை, மூட்டுவலி வைத்தியம் என்று எங்கள் மலேசியக்காரர்கள் சென்னைக்குக் கிளம்ப ஆயிரம் காரணம் உண்டு. சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஈப்போவில் ஒரு கல்லூரியில் பன்னாட்டு உறவுகள் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் பலகையில் ‘அரசு’ என்று எழுதி, கீழே நான்கு வரி போடுவேன். மக்கள், நிலம், ஓர் அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் தகுதி. பிறகு பிள்ளைகளைச் சண்டைக்கு விடுவேன். இந்த நான்கும் இருந்தாலே அது நாடா, இல்லை மற்ற நாடுகள் “ஆமாம், நீயும் நாடுதான்” என்று ஒப்புக்கொண்டால்தான் நாடா? நான் இரண்டாவது கட்சி. கொடியை யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவன் ஒப்புக்கொள்ள வேண்டாமா? நாடுகள் குடியிருக்கிற தெருவில் போலீஸ்காரன் கிடையாது. அதனால் அங்கே எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே அந்தக் குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று என் மனைவி சொல்வாள்.

அக்கா இருந்தாள் என்பது உண்மை. பெயர் பாக்கியம். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம், பிள்ளையில்லாத எங்கள் அத்தை இந்தியாவுக்குத் திரும்பியபோது அவளையும் கூட்டிப் போனார். அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு ஐந்து. கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அப்பா இறந்தபின் அதுவும் நின்றுபோனது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்போது திடீரென்று துபாயிலிருந்து ஒரு பெண் பேசினாள். “மாமா, நான் பாக்கியத்தோட பொண்ணு கலா. இங்க என்கூட ஈப்போக்காரங்க ஒருத்தங்க வேலை செய்யறாங்க, அவங்க மூலமாத்தான் உங்க நம்பர் கிடைச்சுது” என்றாள். நான் அப்போதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆப்பிரிக்க இளவரசனின் சொத்து உங்களுக்கே என்று மின்னஞ்சல் வருகிற காலம் அது.

விஷயம் இதுதான். கலாவுக்குத் தலைப்பிரசவம். புருஷன் கப்பலில் வேலை, அருகில் இருக்க முடியாது. அம்மா வந்தாக வேண்டும். அம்மாவுக்குக் கடப்பிதழ் இல்லை. பாஸ்போர்ட்டைத்தான் எங்கள் ஊரில் கடப்பிதழ் என்போம். விண்ணப்பத்தில் பிறந்த இடம் மலாயா என்று அவள் எழுதிவிட்டாள். அதற்கு அத்தாட்சி எங்கே என்று திருப்பிவிட்டார்கள். கூடப் பிறந்தவர் ஒருவர் தன் பிறப்புச் சான்றிதழோடு நேரில் வந்து, இவள் என் அக்காதான் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் வழி பிறக்கும் என்று வக்கீல் சொன்னாராம். தாம்பரத்தில் பிறந்தேன் என்று எழுதியிருந்தால் கதை முடிந்திருக்குமே, யார் கேட்கப்போகிறார்கள்? சுலபமான பொய்யைச் சொல்லாதவளை எப்படி நம்புவது என்பது என் முதல் சந்தேகம்.

முதல் நாள். வீட்டில் தங்கச் சொன்னார்கள். நான் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் லாட்ஜ் பிடித்தேன். வரவேற்பு மேஜையில் இருந்தவர் என் கடப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பாரினர்னு போட்டிருக்கு. தமிழ் பேசறீங்க?”

“தமிழன்தான். மலேசியத் தமிழன்.”

“பாக்க நம்மாளு மாதிரி இருக்கீங்களே சார்” என்று குறைப்பட்டுக்கொண்டு, எனக்கென்று தனியாக ஒரு படிவத்தை எடுத்தார். என் முகம் அவருக்குச் சொந்தம், என் காகிதம் அந்நியம். எதை நம்புவது என்று அவருக்கே குழப்பம்.

மாலையில் ஆட்டோவில் பீர்க்கன்கரணை போனேன். ஏரிக்கரையை ஒட்டிய தெரு. வீட்டுக்குச் சுற்றுச்சுவர் புதிதாக எழும்பியிருந்தது, சிமெண்ட் இன்னும் காயவில்லை. வாசலில் அவள் நின்றாள். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, ஒல்லியாக. எனக்குள் ஏதாவது அசையும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

“வாங்க சார்” என்றாள்.

சார்! நாற்பத்தெட்டு வருடம் கழித்து வரும் தம்பியை யாராவது சார் என்பார்களா? அவள் கணவர் முனுசாமி, சேலையூர் கேம்ப் ரோட்டில் குழாய், டைல்ஸ் கடை வைத்திருப்பவர், அவரும் சார் என்றுதான் கை குவித்தார். நான் உட்கார்ந்ததுமே, “எத்தினி நாள் இருப்பீங்க? ரிட்டர்ன் டிக்கெட் கீதா?” என்று கேட்டார். விமான நிலையத்தில் கேட்ட அதே இரண்டு கேள்வி. காபி வந்தது. எங்கள் ஊரில் கோப்பி என்றால் ஒரு பெரிய குவளை நிறைய வரும், இங்கே இருமல் மருந்து குடிக்கிற அளவுக்கு ஒரு டம்ளர். ஆனால் வாசனை தூக்கியது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் குடித்து முடிப்பதற்குள் முனுசாமி, “தப்பா நெனைக்காதீங்க. உங்க பாஸ்போர்ட்ட ஒரு தபா குடுங்க, ஜெராக்ஸ் எட்துகினு வந்துடறேன்” என்றார். குடிநுழைவுத் துறை எனக்கு முத்திரை குத்தி அனுப்பிவிட்டது, பீர்க்கன்கரணை இன்னும் குத்தவில்லை. கொடுத்தேன். கடைக்குக் கூடவே போய்த் திரும்ப வாங்கிக்கொண்டும் வந்தேன்.

பிறகு என் முறை. வாய்மொழித் தேர்வு நடத்தி எனக்குப் பழக்கம். நல்ல தேர்வாளன் தப்பான பதிலைத் திருத்த மாட்டான். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவான்.

“தோட்டத்துல நம்ம வீட்டு வாசல்ல ஒரு மரம் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?”

“மாமரம்” என்றாள்.

ரம்புத்தான் மரம். ஒரு மதிப்பெண் போச்சு.

“தோட்டத்துக் கோயில்?”

“மாரியாத்தா கோயிலு.”

முனீஸ்வரன். “அப்பாவுக்கு ஒரு கையில விரல் போயிருந்துச்சு இல்ல?”

“ஆமா, மிசின்ல மாட்டிக்கிச்சு. வலது கை.”

இடது கை. மூன்றும் தப்பு. “அப்படியா” என்று மட்டும் சொன்னேன். உடனே அவள் கேட்டாள். “அப்பா உங்கள இன்னான்னு கூப்புடுவாரு?”

எனக்கு மூக்கில் வேர்த்தது. தகவல் பிடுங்கப் பார்க்கிறாள்! குண்டு என்றுதான் அப்பா கூப்பிடுவார், ஆனால் அதை ஏன் சும்மா தூக்கிக் கொடுக்க வேண்டும்? “பேர் சொல்லித்தான்” என்றேன். திருத்துவாள் என்று பார்த்தேன். “அப்டிங்களா சார்” என்று சொல்லி எழுந்து போய்த் தட்டில் இன்னும் இரண்டு போண்டா கொண்டுவந்து வைத்தாள். போண்டா பிரமாதம், மிளகு தாராளம். நான் ஒன்றோடு தட்டைத் தள்ளிவைத்தேன்.

லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் கணக்கு சரியாகிவிட்டது. உண்மையான பாக்கியம் சின்ன வயதிலேயே போயிருப்பாள். அத்தை வேறு ஏதோ ஒரு பெண்ணை எடுத்து அந்தப் பெயரிலேயே வளர்த்திருக்கிறார். பாவம், இவளுக்கே அது தெரியாமல் இருக்கலாம். அக்கா கிடைக்கவில்லை என்பது ஒன்று, இதற்குமேல் கிடைக்கவே மாட்டாள் என்பது இன்னொன்று.

இரண்டாம் நாள் காலை வடகறியும் இட்லியும். வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டு இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிறார்கள். நேற்றைய வடையா என்று கேட்டேன். பரிமாறியவர், “இன்னா சார், மூஞ்ச பாத்தா படிச்சவராட்டம் கீறீங்க, இப்டி கேக்கறீங்க” என்றார். பதில் வரவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன். இருந்தும் இன்னொரு கரண்டி வாங்கினேன்.

நேற்று சுற்றிச் சுற்றிக் கூட்டிப் போய் வாடகையைக் கறந்ததில் ஆட்டோக்காரர்கள் மேல் நம்பிக்கை போயிருந்ததால், பீர்க்கன்கரணைக்குப் பேருந்தில் ஏறினேன். கொஞ்ச தூரத்திலேயே கண்டக்டர், “பீர்க்கன்கரணை, எறங்கு சார்” என்றார். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நேற்று பார்த்த எதுவும் இல்லை. பெரிய சாலை, கடைகள், லாரிகள். அவ்வளவு சீக்கிரம் எப்படி வரும்? பாதியில் இறக்கிவிடப் பார்க்கிறார் என்று நினைத்து அசையாமல் உட்கார்ந்தேன். “எறங்கு சார், உன்னோட பேஜாரா பூட்ச்சு” என்றார் இன்னொரு தடவை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெருங்களத்தூர் போனது, வண்டலூர் போனது, கடைசியில் கேளம்பாக்கத்தில் போய் இறங்கினேன். நாற்சந்தி. ஒரு பக்கம் கருவாட்டு வாசனை, இன்னொரு பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்த கணினிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார், வைதிருந்தால்கூடப் பரவாயில்லை.

டீக்கடை பெஞ்சில் இரண்டு நிலத் தரகர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, ஆளுக்கு இரண்டு செல்போன். பேச்சு காதில் விழாமல் இருக்க முடியாது, அப்படி ஒரு சத்தம்.

“அந்த ஏரிக்கரை மனை இன்னா ஆச்சு?”

“அத்த வுடு மச்சான். எல்லாம் கரெக்டா கீதுன்னு சொன்னாங்க. அப்பால பாரின்லேர்ந்து ஒர்த்தன் வந்து, நானும் வாரிசுன்னு நிக்கிறான். அந்தப் பெரிசு உயில் எய்தாம பூட்ச்சு. அவ்ளோதான், கோர்ட்டு.”

“ஆளு நெஜந்தானா?”

“யாருக்குத் தெரியும்? டபுள் டாக்குமெண்ட்டு போடறவனுக்கு ஒரு தம்பி போட எவ்ளோ நேரம் ஆவும்?”

டீயைக் கீழே வைத்தேன். அந்தப் புதுச் சுற்றுச்சுவர் கண்முன் வந்தது. அந்த மனை அத்தையுடையது, அவர் போனபின் இவர்கள் கைக்கு வந்தது என்று கலா போனில் சொல்லியிருந்தாள். அத்தை அப்பாவின் தங்கை, பிள்ளையில்லாதவர். இவள் பாக்கியம் என்றால், நான் அவள் தம்பி என்றால், அந்த மண்ணில் எனக்கும் பாதி உண்டு. இவர்கள் ஏன் என்னைச் சார் என்கிறார்கள், ஏன் டிக்கெட் கேட்டார்கள், ஏன் ஜெராக்ஸ் எடுத்தார்கள் என்று எல்லாம் விளங்கிவிட்டது. என்னைத் தம்பி என்று ஒப்புக்கொண்டால் நிலம் போகும், ஒப்புக்கொள்ளாவிட்டால் பிரசவத்துக்குப் போக முடியாது. எந்த நாடும் இப்படி ஒரு சங்கடத்தில்தான் பக்கத்து நாட்டுக் கொடியைப் பார்த்துக் கை அசைக்கிறது. எனக்கு அந்த மனை வேண்டாம், அதன் அகலம் நீளம்கூடத் தெரியாது. ஆனால் வேண்டாம் என்று நானாகப் போய்ச் சொன்னால், ஏன் வலிய வந்து சொல்கிறான் என்று இன்னும் பயப்படுவார்களே. வாயை மூடிக்கொண்டு இருப்பதே மேல் என்று முடிவுசெய்தேன். மூன்று கேள்விக்கும் தப்பாகப் பதில் சொன்னவளுக்காகச் சத்தியம் செய்வதில்லை என்றும் முடிவுசெய்தேன்.

மூன்றாம் நாள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் வக்கீல் அம்மாவின் அலுவலகம். கீழே புடவைக்கு ஆள் கூப்பிடுகிற ஒலிபெருக்கி, மேலே தட்டச்சு சத்தம். பாக்கியம் என்கிறவள் நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தாள். மகள் பிரசவ நாளை எண்ணிக்கொண்டிருக்கும் முகம். அதைப் பார்க்காமல் இருக்க நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்தேன். மன்னிக்கவும், மனசாட்சி இடம் தரவில்லை என்று சொல்லிவிட்டு அன்றே கிளம்புவதாக உத்தேசம்.

வக்கீல் அம்மா சுறுசுறுப்பானவர். “பேர், தகப்பனார் பேர், தோட்டம், எல்லாம் டைப் பண்ணியாச்சு. ஆனா இது மட்டும் போதாது சார். படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரணும். இந்தியா கிளம்பின அன்னிக்கு என்ன நடந்ததுன்னு ரெண்டு வரி போடலாம். அம்மா, நீங்க சொல்லுங்க. வழியனுப்ப யார் யார் வந்தாங்க?”

“அப்பா பினாங்கு வரைக்கும் கூட வந்தாரு. கப்பல் ஏத்தி வுட்டாரு.”

“உங்க அம்மா?”

“அம்மா வர்ல.” அவள் கையில் இருந்த பையைப் பார்த்துச் சொன்னாள். “ஸ்டேசனுக்குக் கூட வர்ல. காலைல வேலைக்குப் பூட்டாங்க.”

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “இல்ல!” என்று கத்தினேன். தட்டச்சு நின்றது.

“வரலன்னு யார் சொன்னா? வந்தாங்க! அன்னிக்குக் கங்காணி விடல. பால் எடுத்து, எடை போட்டு முடிச்சாத்தான் போகலாம்னுட்டான். எடை போட்ட வாளியை அப்படியே போட்டுட்டு, என்னைத் தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு, செம்மண் ரோட்டுல ஓடி வந்தாங்க. புடவையெல்லாம் ரப்பர் பால் நாத்தம். நாங்க ஸ்டேஷன் படியேறறப்ப ரயில் நகந்துடுச்சு. கடைசிப் பெட்டி வரைக்கும் பிளாட்பாரத்துல ஓடினாங்க. நீ அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தியோ என்னவோ, பார்க்கல. சாயங்காலம் வரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கல. உனக்குன்னு அவிச்சுக் கட்டிக்கிட்டு வந்த மரவள்ளிக் கிழங்கை எனக்குத்தான் ஊட்டினாங்க. வரலைன்னு மட்டும் சொல்லாதே!”

மூச்சு வாங்கியது. நான் நீ என்று பேசியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, ஆள்காட்டி விரலால் என் மூக்கு நுனியைத் தொட்டாள்.

“செவந்துச்சு பாரு,” என்றாள் தன் கணவரிடம். “கோவம் வந்தா இந்த எடம் மட்டும் செவக்கும். இத்து குண்டுதான்யா.”

குண்டு. நான் சொல்லவே இல்லை, நாற்பத்தெட்டு வருடத்தில் யாருக்கும் சொன்னதில்லை.

“அப்ப அன்னிக்கு ஏன் மாமரம்னே?”

“ரம்புத்தான் மரம்டா அது. எனக்குத் தெரியாதா? முனீஸ்வரன் கோயிலு. அப்பாக்கு எடது கை, நடு வெரலு. சின்னதுல எத்தச் சொன்னாலும் இல்ல, இல்லன்னு குதிப்பே. தப்புத் தப்பா சொல்லிப் பாத்தேன். நீ இன்னாடான்னா அப்டியா, அப்டியான்னு வாத்தியாராட்டம் ஒக்காந்துகினு கீறே! செரி, எவனோ மனைக்கு ஆசப்பட்டு வந்துகீறான்னு ராவெல்லாம் தூக்கமே இல்ல. பேர் சொல்லிக் கூப்புடுவாருன்னு வேற புளுகினே!”

வக்கீல் அம்மா முதலில் சிரித்தார். நான் சிரித்தேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம் இது. ஒருவன் பயந்து வேலி போடுவான், அந்த வேலியைப் பார்த்து அடுத்தவன் பயப்படுவான். பாடம் நடத்துகிறவனே வேலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முனுசாமி விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, துடைத்து, என் பக்கம் தள்ளினார்.

“ஒக்காருங்க மச்சான்” என்றார்.

மச்சான் என்ற அந்தச் சொல்லோடு பீர்க்கன்கரணை என்னை அங்கீகரித்தது. மனை பற்றி வக்கீல் அம்மாவையே இன்னொரு தாளில் எழுதச் சொன்னேன், எனக்கு அதில் பங்கு வேண்டாம் என்று. முனுசாமி, “அய்ய, இன்னாத்துக்கு மச்சான் இப்ப அதெல்லாம்” என்று மறுத்தார், ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தைச் சரியாகக் காட்டினார். இரண்டிலும் போட்டேன்.

பாஸ்போர்ட் அடுத்த சில வாரங்களில் வந்தது. பிறந்த இடம் மலாயா என்றே அச்சாகியிருந்ததாம், போனில் மூன்று தடவை படித்துக் காட்டினாள். அவள் துபாய் போய்ச் சேர்ந்த மறு வாரம் பேத்தி பிறந்தாள்.

ஆனால் எனக்கு அந்தப் பயணம் என்றால் அன்று மத்தியானம்தான் நினைவுக்கு வருகிறது. மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம், அவள் நடுவில். வாடகையைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்டக்டர் என்னை இறங்கச் சொன்ன அதே நிறுத்தம் வந்தது, அங்கேயிருந்துதான் தெருவே பிரிகிறது. அவளைச் சிரிக்கவைக்க நினைத்தேன்.

“கடைசியா ஒரு சோதனை வச்சே பாரு, அம்மா வரலைன்னு. அதுதான் என்னைக் கவுத்துடுச்சு” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆட்டோ ஏரிக்கரையில் திரும்பியது.

“அத்து சோதனை இல்லடா,” என்றாள். “நெஜமாவே வர்லன்னுதான் இத்தினி நாளா நெனச்சிகினு கீறேன்.”

முனுசாமி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“இன்னொரு தபா சொல்லு. ஓடி வந்தாங்களா?”

“ஓடி வந்தாங்கக்கா” என்றேன்.